படமாக வந்த கல்வெட்டு

வலையமைப்பில் இணைக்கப்பட்ட பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றின் உள்ளே சின்னதாக ஒரு வலைத்தளம் இருக்கிறது. அதைப் பாவிப்பவர்களில் அநேகம் பேர் அதை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார்கள். உலாவியில் பிரிண்டரின் ஐபி முகவரியை, 192.168.1.40 என்பது போன்ற ஓர் எண்ணை, அடித்தால் திறக்கும். அழகில்லாத பக்கம். மை எவ்வளவு மிச்சம், எந்தத் தட்டில் என்ன தாள், இதுவரை எத்தனை பக்கம் அடித்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதில் கிடக்கும். சில மொடல்களில் ஒரு மூலையில் 'அச்சிடு' என்றும் ஒரு பிரிவு இருக்கும். கோப்பைத் தெரிவு செய்ய ஒரு பெட்டி, எத்தனை பிரதி என்று கேட்க ஒரு கட்டம், கீழே ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

வழக்கமாக நாங்கள் அச்சிடும்போது கணினியில் இருக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இடையில் நின்று மொழிபெயர்க்கிறது. நாங்கள் திரையில் பார்ப்பதை அந்தப் பிரிண்டருக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறது. வலைப்பக்கத்தின் வழியே அனுப்பும்போது அந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை. கோப்பு அப்படியே போய்ச் சேரும். பிரிண்டரே அதைத் திறந்து வாசிக்கவேண்டும். ஆகவே வேர்ட் கோப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுத்துவிடும். அதற்குத் தெரிந்தவை சில வகைகள்தான்: ஜேபெக், டிஃப் போன்ற படக் கோப்புகள், போஸ்ட்ஸ்கிரிப்ட், சிலவற்றில் பிடிஎஃப். பிஎன்ஜி படத்தைக்கூடப் பல பிரிண்டர்கள் ஏற்பதில்லை.

என் தொழிலில் இந்தப் பக்கத்தைப் பூட்டச் சொல்வதுதான் என் வேலை. நிறுவனங்களுக்குப் போய் வலையமைப்பைச் சோதித்து அறிக்கை எழுதும்போது, 'பிரிண்டர்களின் வலைப்பக்கத்துக்குக் கடவுச்சொல் இல்லை' என்ற வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பக்கம் திறந்து கிடந்தால் வலையமைப்புக்குள் வந்த எவரும் எதையும் அச்சடிக்கலாம். பெரிய இயந்திரங்களில் வன்தட்டு உண்டு. அடித்த ஆவணங்களின் பிரதி அதிலேயே தங்கிவிடக்கூடும். 2018-ல் ஒருவர் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் பிரிண்டர்களுக்கு, தனக்குப் பிடித்த யூடியூப்காரருக்கு ஆதரவு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். உலகெங்கும் அலுவலகங்களில் தாள் வெளியே வந்து விழுந்தது. சிரிக்கத்தக்க சம்பவம்தான், ஆனால் வேறொருவர் வேறொன்றை அனுப்பியிருக்கலாம். பூட்டவேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை இரவு, ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தின் அலுவலக அறையில், பூட்டப்படாத அப்படியொரு பக்கம்தான் கை கொடுத்தது.

எங்கள் ஊர் மாமா ஒருவர் தை மாதம் இறந்துபோனார். மறுநாள் ஞாயிறு முப்பத்தோராம் நாள். அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம், மதியம் சாப்பாடு, சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் கல்வெட்டு. இந்தியத் தமிழ் நண்பர்களிடம் கல்வெட்டு என்றால் கோயில் சுவரைத்தான் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவார திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். புலம்பல்களை எழுதுகிறவர் அநேகமாக இறந்தவரைக் கண்டிருக்கமாட்டார். அது வேறு கதை. ஆனால் வம்சாவளிப் பக்கத்தை நான் எப்போதும் நின்று வாசிப்பேன். ஒரு கிராமத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதற்கு எங்களிடம் வேறு பதிவேடு அதிகமில்லை. நூலகம் இணையத்தளத்தில் இந்த நினைவு மலர்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருப்பதன் அருமை, சொந்தப் பூட்டனின் பெயரைத் தேடித் திரிந்தவர்களுக்கு விளங்கும்.

மாமாவின் கல்வெட்டு யாழ்ப்பாணத்தில் 200 பிரதி அச்சாகி, உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. பனிப்புயலில் விமானம் தடைப்பட்டு அவரும் பெட்டியும் லண்டனில் நின்றுவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் மாமியின் மகள் தொலைபேசி எடுத்தாள். "அண்ணா, ஒரு அறுபது பிரதியாவது இஞ்சை அடிக்கேலாதோ? கோப்பு இருக்கு." அறிந்த அச்சகம் எல்லாம் பனியால் பூட்டு. மண்டபத்தில் ஒரு பழைய ஒளிநகல் இயந்திரம் இருந்தது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. அதோடு இணைந்த கணினியின் கடவுச்சொல் தெரிந்த செயலாளர் விடுமுறையில் இந்தியா போயிருந்தார். என் மடிக்கணினிக்கு அந்த மொடலின் டிரைவர் கிடைக்கவில்லை. மண்டபத்தின் வைஃபையில் இணைந்து இயந்திரத்தின் முகவரியைக் கண்டுபிடித்து அடித்தேன். பக்கம் திறந்தது. பெயரில்லை, கடவுச்சொல் இல்லை. மூலையில் 'அச்சிடு'. ஆனால் படக் கோப்பு மட்டும்தான் ஏற்கும். பிடிஎஃப் வாசிக்கவேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி உரிமம் வாங்கவேண்டுமாம்.

மகள் அனுப்பிய கோப்போ பிடிஎஃப். அதைத் திறந்து பார்த்தபோது முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல். பார்த்தவுடனே விளங்கியது, பாமினி. எங்கள் தலைமுறைக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பழைய எழுத்துருக்கள் தமிழுக்கென்று தனி இடம் வைக்காமல் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் குடியேற்றின. பாமினியில் 'அம்மா' என்பது கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பாவிட்டால், அது இல்லாத கணினியில் அம்மா போய் எம் கே அரைப்புள்ளி வந்துவிடும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் ஊரில் பல அச்சகங்கள் இன்றும் பழைய எழுத்துருவை விடவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பக்கம் கட்டும் மென்பொருள்கள் நெடுங்காலம் யூனிகோட் தமிழைக் கொம்பும் காலும் இடம்மாறித்தான் காட்டின. வேலை நடக்கவேண்டியவன் நடக்கிற வழியைப் பிடிப்பான்.

பிரிண்டர்களின் பக்கத்திலும் கதை வேறல்ல. 1985-ல் ஆப்பிள் லேசர்ரைட்டர் வந்தபோது அதன் நினைவகத்திலேயே 13 எழுத்துருக்கள் இருந்தன: டைம்ஸ், ஹெல்வெட்டிக்கா, கூரியர் ஒவ்வொன்றிலும் நாலு வடிவம், அதோடு குறியீடுகளுக்கு ஒன்று. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் 'இந்த இடத்தில் இந்த எழுத்து' என்று சொன்னால் போதும், பிரிண்டரே வரைந்துகொள்ளும். அந்த வீட்டில் தமிழுக்கு அறை இல்லை. பிறகு வந்தவற்றிலும் அநேகமாக இல்லை. உருவத்தைக் கையோடு கொண்டுபோனால்தான் தமிழ் அச்சாகும், ஒன்றில் எழுத்துருவாக, இல்லாவிட்டால் படமாக.

ஆகவே யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். இங்கே மாலை ஆறு, அங்கே ஞாயிறு அதிகாலை நாலரை. கோப்பு மாமியின் பெறாமகன் ஒருவனிடம் இருந்தது. பக்கம் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான். "தம்பி, உம்முடைய திரையிலை சரியாத் தெரியுதல்லோ, அதை அப்படியே பக்கம் பக்கமா ஜேபெக் ஆக்கி அனுப்பும்" என்றேன். கால் மணித்தியாலத்தில் 16 படங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. திறந்து பெருப்பித்துப் பார்த்தேன். மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் கரைந்திருந்தது. வட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு வந்துவிட்டிருந்தது. ஏ4 தாளின் நீளத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 137 புள்ளிதான். ஆங்கிலத்துக்கு அது ஒருமாதிரிச் சமாளிக்கும். தமிழில் ஒரு புள்ளி மங்கினால் 'க்' 'க' ஆகிவிடுகிறது. "படமா அனுப்பாதையும், ஆவணமா இணைச்சு அனுப்பும்" என்று திருப்பிச் சொன்னேன். இந்தமுறை முழு அளவில் வந்தது: 2480 பிக்சல் அகலம், 3508 நீளம், அங்குலத்துக்கு 300.

முதல் பக்கத்தை ஒரு பிரதி அனுப்பினேன். இயந்திரம் முனகி, சூடேறி, ஒரு தாளைத் தள்ளியது. தாள் முழுக்க அட்டையின் பூ வேலைப்பாட்டின் ஒரு மூலையும் ஓம் எழுத்தின் பாதியும். படக் கோப்புக்குள் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு குறிப்பு இருக்கவேண்டும். தம்பியின் மென்பொருள் அதை எழுதவில்லை. குறிப்பு இல்லாவிட்டால் இந்த இயந்திரம் 72 என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் எங்கள் பக்கத்தின் அகலம் 34 அங்குலம். வந்தது அதன் இடது மேல்மூலை.

குறிப்பை எழுதிச் சேர்த்து மறுபடி அனுப்பினால் இப்போது கீழே இரண்டு வரி இல்லை. கனடாவில் ஏ4 கிடையாது, லெட்டர் தாள்தான். ஏ4-ஐவிட ஆறு மில்லிமீற்றர் அகலம் கூட, 18 மில்லிமீற்றர் நீளம் குறைவு. பிக்சலில் சொன்னால் 3508-க்கு 3300, 208 பிக்சல் தாளுக்கு வெளியே. உலகத்தில் பெரும்பகுதி ஏ4-இல் எழுதுகிறது, வட அமெரிக்கா லெட்டரில் வாசிக்கிறது. குடிபெயர்ந்தவர்களுக்கு வரும் எத்தனையோ பத்திரங்களின் கடைசி வரி இப்படி வெட்டுப்பட்டிருக்கிறது. கையெழுத்து வைக்கும் இடம் அந்த வரியில்தான் இருக்கும். இந்த வலைப்பக்கத்தில் 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவு இல்லை. 16 படங்களையும் கொஞ்சம் சுருக்கி, இரண்டு பக்கமும் வெள்ளை ஓரம் சேர்த்து, லெட்டர் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போதுதான் மாமியும் மகளும் வந்தார்கள். அடுத்த அறையில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் மாமியைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அவர் இவ்வளவு கறுப்பில்லைத் தம்பி" என்றார். உண்மைதான். கறுப்பு லேசருக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று தெரியாது. கறுப்புப் புள்ளியை நெருக்கியும் விலக்கியும் போட்டுத்தான் முகத்தின் நிழலைக் காட்டுகிறது. பழைய இயந்திரத்தில் புள்ளிகள் கொஞ்சம் வீங்கும், எங்கள் நிறத்து முகங்கள் அதில் மூழ்கிவிடும். முகத்தை மட்டும் வெளுப்பாக்கி, வலைப்பக்கத்தில் மை அடர்த்தியை இரண்டு படி குறைத்து, மறுபடி அடித்தேன். "இப்ப சரி. இது அவர்தான்."

ஒவ்வொரு படமும் தனித்தனி வேலையாகப் போவதால் இரண்டு பக்கமும் தானாக அடிக்க வழியில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பல பக்க டிஃப் ஒன்று செய்து பார்த்தேன், முதல் பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு நின்றது. ஆகவே முதலாம் பக்கம் 60, அந்தக் கட்டை எடுத்துத் திருப்பித் தட்டில் வைத்து இரண்டாம் பக்கம் 60. எட்டுத் தாள், 60 பிரதி, 480. மண்டபத்தில் இருந்தது 500 தாள் கொண்ட ஒரே ஒரு கட்டு. மிச்சமிருந்த 20-இல் ஐந்து அதற்குள்ளே சோதனைக்குப் போய்விட்டது.

ஏழாம் பக்கம் பிள்ளைகளின் விபரம். ஒரு பிரதி எடுத்து எழுத்துப்பிழை பார்க்க மாமியிடம் கொடுத்தேன். மூன்று பிள்ளைகள். மூத்தவர் பிரான்ஸில். இளையவள் இந்த மகள். நடுவில் இருந்தவரை 2009 வைகாசியில் வட்டுவாகலில் வைத்துக் கடைசியாகக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு இல்லை. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை எடுத்து விடுங்கோ தம்பி."

"எதை மாமி?"

விரலை வைத்துக் காட்டினார். நடு மகனின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது.

நான் அச்சகப் பிழை என்றே நினைத்தேன். மகள் மெதுவாகச் சொன்னாள். "பிழையில்லை அண்ணா. நான்தான் எழுதிக் குடுத்தனான்." பிறகு தாயைப் பார்த்து, "பதினைஞ்சு வருசம் அம்மா" என்றாள். மாமி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று இலங்கையில் ஒரு வழி செய்தார்கள். மாமி அதையும் எடுக்கவில்லை, முன்னதையும் எடுக்கவில்லை. 2017-ல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் குந்தத் தொடங்கியபோது ஊருக்குப் போய் அவர்களோடு சில நாட்கள் இருந்துவிட்டு வந்தவர் அவர். மகளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவளுடைய பிள்ளைகள் அந்த மாமா எங்கே என்று கேட்கிறார்கள். எங்கே என்று தெரியாத ஒருவருக்கு விளக்கு வைப்பதா, பிறந்தநாள் கொண்டாடுவதா என்று வருடாவருடம் அந்த வீட்டில் ஒரு நாள் வருகிறது. இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தாலும் சொல்லும் உரிமை இல்லை என்று பேசாமல் நின்றேன். இயந்திரம் சும்மா இருந்து சூடாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் மகள்தான் சொன்னாள். "எடுத்துவிடுங்கோ அண்ணா."

எழுத்தாக வந்திருந்தால் நாலு தடவை அழிக்கும் விசையைத் தட்டினால் போதும். இது படம். அதில் 'அமரர்' என்று ஒரு சொல் இல்லை, வெள்ளைக்குள் கொஞ்சம் கறுப்பு, ஏறக்குறைய 200 பிக்சல் அகலம், 60 உயரம். அதைப் பெருப்பித்து வெள்ளை பூசினேன். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற சதுரங்களில் எழுத்தைச் சுற்றி மெல்லிய தூசு போலச் சாம்பல் தங்கும். எழுத்தை மட்டும் அழித்தால் அந்தத் தூசு அப்படியே நிற்கும். சொல்லின் நிழல் தெரியும். கூர்ந்து பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஒவ்வொரு சதுரமாகத் துடைத்தேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மாமி பார்க்கவில்லை.

சொல் போன இடத்தில் வெள்ளை ஒன்று நின்றது. மற்ற இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் ஓரத்தோடு தொடங்க, நடுப் பெயர் மட்டும் உள்ளே தள்ளி நின்றது.

"பேரை இந்தப் பக்கம் இழுத்து விடட்டோ, மாமி? நேராயிருக்கும்."

தாளை வாங்காமலே சொன்னார். "வேண்டாம். கிடக்கட்டும்."

60 என்று கட்டத்தில் அடித்துப் பொத்தானை அமுக்கினேன். மகள் தட்டிலிருந்து தாள்களை எடுத்துத் தட்டி அடுக்கினாள். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்து, மரக்கறி வெட்டிய பெண்களும் சேர்ந்து ஸ்ரேப்பிள் அடித்தார்கள்.

லண்டனில் நின்ற பெட்டி புதன்கிழமை வந்துசேர்ந்தது. அந்த 200 பிரதியிலும் ஏழாம் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது. மகள் அவற்றைத் தன் வீட்டு நிலவறையில் வைத்திருக்கிறாள். நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும், எதை அனுப்புவது என்று என்னிடம் கேட்டாள். இரண்டையும் அனுப்பலாம், ஒன்று முப்பத்தோராம் நாள் கொடுத்தது என்று குறிப்பெழுதலாம் என்றேன். யோசிப்பதாகச் சொன்னாள். இன்னும் அனுப்பியதாகத் தெரியவில்லை. மாமிக்கு அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியும், அதைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த கிழமை மண்டபத்துக்குப் போய், செயலாளரை இந்தியாவிலிருந்து அழைத்துக் கேட்டு, இயந்திரத்தின் வலைப்பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டேன். வன்தட்டில் தங்கியிருந்த படங்களை அழித்தேன். வேலைப் பட்டியலில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. தம்பி தமிழில் பெயர் வைத்திருந்தான். 'கல்வெட்டு' எங்களுக்கு ஐந்து எழுத்து, யூனிகோட் கணக்கில் ஒன்பது குறி. இயந்திரம் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. ஒன்பது கேள்விக்குறி, ஒரு கோடு, பிறகு பக்க எண். ஏழாம் பக்கம் இரண்டு தடவை இருந்தது. முதல் வரியில் 1 பிரதி, 8:52. அடுத்ததில் 60 பிரதி, 9:40.